முதல் குளியல் பாதி வேலைதான்: வளர்ப்புக் கடல்மீன்களில் வெளி ஒட்டுண்ணிகள்

கடல் கூண்டில் வளரும் மீன் கூண்டு வலையில் உரசிக்கொண்டே போகிறது, தீவனம் போட்டால் மேலே வரத் தயங்குகிறது, கண்ணில் லேசான மங்கல். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால், மருந்து தேடுவதற்கு முன் ஒரு கறுப்பு வாளியில் நன்னீர் எடுத்து வையுங்கள். கூண்டு நீரின் அதே வெப்பநிலை, குளோரின் இல்லாத நீர். அதில் ஒரு மீனை ஐந்து நிமிடம் விட்டு, மீனை எடுத்த பிறகு வாளியின் அடியைப் பாருங்கள். ஊறிய அவல் போல வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால் அது தோல்புழு. பெனடீனியா, நியோபெனடீனியா வகைத் தட்டைப்புழுக்கள் மீன்மேல் இருக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கையில் மீனைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது. நன்னீர் பட்டதும் வெளுத்து, பிடி விட்டு, கீழே விழும்.

ஒரு மீனோடு நிறுத்தக் கூடாது. ஒரு கூண்டில் ஐந்து மீனாவது பார்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை விழுந்தது என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். ஒரு மீனில் இரண்டு, இன்னொன்றில் எண்பது என்று வருவது சகஜம். ஒட்டுண்ணிகள் கூட்டத்தில் சமமாகப் பரவுவதில்லை. மெலிந்த, ஒதுங்கி நிற்கும் மீன்தான் அதிகம் சுமக்கும். அந்த மெலிந்ததை மட்டும் பிடித்துப் பார்த்துப் பதறுவதும், துள்ளித் திரிவதை மட்டும் பிடித்துப் பார்த்து நிம்மதியாவதும் ஒரே தவறுதான்.

வாளியில் எதுவும் விழவில்லை, மீன் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் நுண்ணோக்கி வேண்டும். மார்புத் துடுப்புக்குப் பின்னால் உள்ள தோலில், தலையிலிருந்து வால் பக்கமாக, கண்ணாடித் தகட்டின் விளிம்பால் மெதுவாகச் சளியை வழித்தெடுத்து, ஒரு சொட்டு கடல்நீர் விட்டு மூடி உடனே பார்க்க வேண்டும். செவுளில் ஒரு இழையின் நுனியை வெட்டி அதே மாதிரி இன்னொரு தகடு. இங்கே குழாய்நீர் விட்டால் போச்சு. பார்க்க வேண்டிய உயிர் வெடித்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். 40 மடங்கில் தொடங்கி 100 மடங்குக்குப் போனால் போதும். பார்க்கும் மீன் உயிரோடு, அல்லது அப்போதுதான் இறந்ததாக இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் போட்டு மறுநாள் ஆய்வகத்துக்கு அனுப்பும் மீனில் பெரும்பாலான வெளி ஒட்டுண்ணிகள் இருக்காது. மீன் செத்ததும் அவை இறங்கிப் போய்விடும். "ஒட்டுண்ணி இல்லை" என்று வரும் அறிக்கைகளில் பல இப்படி வந்தவை.

தகட்டில் என்ன தெரியும்? வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் பெரிய கறுத்த உருண்டையாக, தோல் செல்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழலும். அமைலோடினியம் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி அசையாது, பேரிக்காய் வடிவில் பழுப்பாக, செவுள் இழையில் ஒட்டி நிற்கும். சந்தேகம் வந்தால் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு லுகால் அயோடின் விட்டால், உள்ளே இருக்கும் மாவுச்சத்தால் அது கருத்துவிடும். டிரைக்கோடினா வட்டத் தட்டு. உள்ளே பற்சக்கரம் போல ஒரு வளையம், ஓயாமல் பம்பரம் சுற்றும். செவுள்புழு நீண்டு சுருங்கி நெளியும்; தலைப்பக்கம் கருப்புக் கண்புள்ளிகள், வால்பக்கம் கொக்கிகள். இவற்றைப் பிரித்தறிவதில் செலவாகும் அரை மணி நேரம்தான் சிகிச்சையிலேயே மலிவான பகுதி. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

தோல்புழுவுக்கு நன்னீர்க் குளியல்போல எளிதான வைத்தியம் இல்லை. உப்பு வேறுபாடு தாங்காமல் புழு நீரை உறிஞ்சி ஊதிப்போகும்; மீனுக்குத் தோலும் சிறுநீரகமும் இருப்பதால் சில நிமிடம் சமாளிக்கும். எவ்வளவு நேரம் என்பது மீனைப் பொறுத்தது. கொடுவா நன்னீரிலேயே வாழக்கூடிய மீன். 15 நிமிடம் அதற்கு ஒன்றுமில்லை. களவா 10 நிமிடம் தாங்கும், முதல் நிமிடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து நாடகமாடினாலும். கடல்விரால் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஐந்து நிமிடத்தில் தொடங்கி, கடிகாரத்தை விட மீனைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். விரலால் தொட்டும் நிமிராமல் வயிறு மேலே தெரியக் கிடந்தால் அந்த நொடியே எடுத்துக் கடல்நீருக்கு மாற்ற வேண்டும்.

இந்தக் குளியல் கெட்டுப்போவது பெரும்பாலும் நீரால்தான். ஆழ்துளைக் கிணற்று நீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம், பல இடங்களில் இரும்பும் இருக்கும். இறைத்த நீரில் உடனே மீனை விட்டால் புழுவோடு மீனும் போகும். முதல் நாளே தொட்டியில் நிரப்பி, 24 மணி நேரம் காற்று குமிழவிட வேண்டும். குழாய்நீர் என்றால் குளோரினைச் சோதித்து, ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் சோடியம் தயோசல்ஃபேட் கணக்கில் கலந்து முறிக்க வேண்டும். நீரின் pH அளவு 7-க்குக் கீழே இருந்தால் சமையல் சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 7.5-க்கு மேலே கொண்டு வாருங்கள். வெப்பநிலை வேறுபாடு இரண்டு டிகிரிக்குள். வெயிலில் நின்ற கறுப்புத் தொட்டியின் நீர் நண்பகலில் கடலைவிட நாலைந்து டிகிரி அதிகம் இருக்கும்; அதனால் வேலையைக் காலையில், வெயில் ஏறுவதற்குள் முடிப்பது நல்லது.

இன்னொன்று யாரும் கவனிக்காமல் நடப்பது. ஒவ்வொரு கைவலை மீனோடும் கொஞ்சம் கடல்நீர் தொட்டிக்குள் வருகிறது. 1,000 லிட்டர் தொட்டியில், 33 பிபிடி (ஆயிரத்தில் 33 பங்கு உப்பு) கடல்நீர் 100 லிட்டர் சேர்ந்தால் குளியல் நீரின் உப்பு 3 பிபிடி ஆகிவிடும். ஒரு கைவலைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால் ஐம்பதாவது கைவலையில் அந்த அளவு வந்துவிடும். அதற்கு மேல் புழு முழுதாக விழாது, பாதி மயக்கத்தில் ஒட்டிக்கொண்டே கடலுக்குத் திரும்பும். காலையில் குளித்த மீன்கள் சுத்தமாகவும், பத்து மணிக்கு மேல் குளித்தவை அப்படியேயும் இருந்தால் காரணம் இதுதான். கையில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துக்கொண்டு 3 பிபிடி தொட்டதும் நீரை மாற்றிவிட வேண்டும். மீனைத் தூக்கியதும் வலையை ஐந்து நொடி வடியவிட்டாலே கணக்கு பாதியாகும்.

குளியலுக்கு முந்தைய நாள் மீனுக்குத் தீவனம் கிடையாது. வயிறு நிறைந்த மீன் அதிக ஆக்சிஜன் கேட்கும், குளியல் தொட்டியில் கக்கும், நீர் கெடும். அடர்த்தியில் பேராசையும் வேண்டாம்: 1,000 லிட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் ஏற்றாமல், காற்றுக்கல்லோடு ஆக்சிஜன் சிலிண்டரும் இணைத்து, லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் மீட்டரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து முடித்த மறுநாள் மீன் பளிச்சென்று தீவனம் எடுக்கும். பத்து நாள் கழித்து மறுபடி உரசல். "மருந்து வேலை செய்யவில்லை" என்று அடுத்த மருந்துக்குத் தாவுவது இந்த இடத்தில்தான். மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. மீன்மேல் இருந்த புழுவை அது கொன்றது. வலையில் தொங்கும் முட்டையை அது தொடவே இல்லை. தோல்புழுவின் முட்டை கடினமான ஓட்டோடு, மூலைகள் கொண்ட சிறு பிரமிடு போல, நீண்ட நூல் ஒன்றோடு வெளிவரும். அந்த நூல் வலைக்கண்ணில், பாசியில், வலையில் ஒட்டி வளரும் கொட்டலசுக் கூட்டில் சிக்கிக்கொள்ளும். நன்னீர், ஹைட்ரஜன் பெராக்சைடு, புழுக்கொல்லி மருந்தான பிரசிகுவாண்டல் எதுவும் சிகிச்சை அளவில் முட்டையைக் கொல்லாது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: இரண்டாவது குளியல் எந்த நாள்? எல்லா முட்டையும் பொரிந்திருக்க வேண்டும். பொரிந்து மீனில் ஏறிய இளம்புழு இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்கக் கூடாது. நீர் 26 முதல் 32 டிகிரி இருக்கும்போது நியோபெனடீனியாவுக்கு முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டைவரை ஏறக்குறைய 10 முதல் 13 நாள். முட்டைகள் நாலாம், ஐந்தாம் நாளில் பொரியத் தொடங்கும். அதனால் 28 டிகிரி வாக்கில் ஏழாம் அல்லது எட்டாம் நாள் இரண்டாவது குளியல் சரியாக விழும். மூன்றாம் நாளே அவசரப்பட்டுக் கொடுத்தால் முட்டைகள் இன்னும் மூடியே இருக்கும், வீண் சிரமம். பதினான்காம் நாள்வரை காத்திருந்தால் புதிய முட்டைகள் வலைக்கு வந்துவிடும். சுற்று முதலிலிருந்து ஆரம்பம். குளிர்ந்த நீரில் இந்த இடைவெளி இரட்டிப்பாகக்கூட நீளும் என்பதால் ஒரு பருவத்துக் கணக்கை இன்னொரு பருவத்துக்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

நாள் கணக்கை நம் நீரிலேயே பார்த்துவிட ஒரு வழி உண்டு. பருத்தி நூல் கொத்து ஒன்றைக் கூண்டுக்குள் ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் எடுத்துக் கைலென்ஸில் பார்த்தால் பொன்பழுப்பு மணிகள் நூலில் மாட்டியிருப்பது தெரியும். அந்த நூலைக் கூண்டு நீர் நிறைத்த கண்ணாடிக் குவளையில் வைத்து, அதே வெப்பநிலையில், தினமும் நீரை மாற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். கண்புள்ளிகள் முட்டைக்குள் தெரிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஓட்டின் ஒரு மூலை மூடிபோலத் திறந்து காலியாகக் கிடக்கும். பெரும்பாலான முட்டைகள் காலியான நாளே குளியலுக்கான நாள்.

குளியலோடு வலையையும் மாற்றினால் எதிரியின் கிடங்கு பாதி ஒழிந்த மாதிரி. மீன் குளித்து முடிந்து திரும்பும்போது புது வலைக்குள் போக வேண்டும். பழைய வலை கரையில் விரித்து, நன்றாகக் காயும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில். உலர்ந்த முட்டை பொரியாது. பழைய வலையைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே கடலில் அலசுபவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மீன் பெரிதாகி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாத நிலை வரும்போது தார்ப்பாய்க் குளியலுக்குப் போக வேண்டும்; இதில் நன்னீர் இல்லை, கூண்டின் கடல்நீரிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலப்பது. வலையை இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தூக்கி, நீரோட்டம் தணிந்த நேரத்தில், ஓட்டம் வரும் பக்கமிருந்து தார்ப்பாயைக் கீழே இழுத்து, நாலாபுறமும் நீர்மட்டத்துக்கு மேலே முப்பது சென்டிமீட்டர் தூக்கிக் கட்டி மூடுவது. இங்கே மீன் சாவது அநேகமாகக் கணக்கால்தான். ஆறு மீட்டர் விட்டமுள்ள கூண்டு, இரண்டு மீட்டர் ஆழம். நேர்உருளையாக நினைத்துப் பெருக்கினால் 56.5 கன மீட்டர் வரும். ஆனால் தார்ப்பாய் நேராக நிற்காது, நடுவில் தொங்கிக் கிண்ணமாகத்தான் நிற்கும். கிண்ணத்தின் கொள்ளளவு உருளையில் மூன்றில் இரண்டு பங்கு, 37.7 கன மீட்டர். உருளைக் கணக்கில் 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு, கன மீட்டருக்கு 250 கிராம்) பெராக்சைடு ஊற்றினால் உள்ளே உண்மையில் 375 பிபிஎம் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் அந்த வித்தியாசம் செவுளை வேகவைத்துவிடும்.

பெராக்சைடிலேயே இன்னொரு கணக்குப் பிழை காத்திருக்கிறது. 50 சதவீதம் என்று கேனில் போட்டிருப்பது எடைக்கு எடை. அந்தத் திரவம் நீரைவிடக் கனமானது. ஒரு லிட்டரில் சுமார் 600 கிராம் பெராக்சைடு இருக்கும், 500 அல்ல. 35 சதவீதம் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 395 கிராம். அதாவது 37.7 கன மீட்டரில் 250 பிபிஎம் வேண்டுமானால் தேவை 9.4 கிலோ, 50 சதவீதக் கேனிலிருந்து சுமார் 15.7 லிட்டர். இந்த இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்பவை. சேர்ந்து வந்தால் மீன் தாங்காது. மாறாக, வெயிலில் கிடந்த பழைய கேன் வீரியம் இழந்திருக்கும். அப்போது ஒட்டுண்ணி தப்பும். பெராக்சைடு சோதனைத் துண்டு ஒரு பெட்டி வாங்கி வைத்து, கலந்தபின் நாலைந்து இடத்தில் முக்கிப் பார்த்துவிடலாம்.

அளவு? தோல்புழுவுக்கு 200 முதல் 300 பிபிஎம், 10 நிமிடம் என்பது பரவலான நடைமுறை. நீர் 28 டிகிரியைத் தாண்டினால் கீழ் எல்லையை விட்டு ஏறவே கூடாது. வெப்பம் ஏற ஏறப் பெராக்சைடின் நச்சும் ஏறும். முதல்முறை செய்யும் மீன் இனமானால், பத்து மீனைத் தனித் தொட்டியில் அதே அளவில் குளிப்பாட்டி 24 மணி நேரம் கவனித்த பிறகே கூண்டுக்கு. குளியலின்போது நன்றாக இருந்த மீன் அன்று இரவு சாவது உண்டு; செவுள் காயம் தன் வேலையைத் தாமதமாகத்தான் காட்டும். மருந்தை நூறு, இருநூறு லிட்டர் கடல்நீரில் கரைத்து, சுற்றிவரப் பல இடத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். ஒரு மூலையில் குடத்தோடு கவிழ்த்தால் அந்த மூலைக்கு ஓடிய மீன் திரும்பாது. மீன் இல்லாமல் ஒருமுறை சாயத்தை மட்டும் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் முழுதும் கலக்கிறது என்று ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது. கையுறை, கண்ணாடி கட்டாயம். உலோகப் பாத்திரம் கூடாது. மூடியை இறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்தால் கேன் ஊதும்.

ஃபார்மலின் தொட்டிக்கு மட்டும். டிரைக்கோடினா, செவுள்புழு, குஞ்சுப் பருவத்தில் வரும் பலவற்றுக்கும் 100 முதல் 250 பிபிஎம், ஒரு மணி நேரம், பலத்த காற்றோடு. இங்கே பிபிஎம் என்பது கடையில் வரும் 37 சதவீதத் திரவத்தையே முழுதாக எடுத்துக்கொள்ளும் கணக்கு: 1,000 லிட்டருக்கு 200 மில்லி என்றால் 200 பிபிஎம். 37 சதவீதத்தால் வகுத்து ஏறக்குறைய மூன்று மடங்கு ஊற்றிவிடாதீர்கள். பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கண்டால் அது பாராஃபார்மால்டிஹைடு. மீனுக்குக் கொடும் நஞ்சு, அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட வேண்டும். நீரிலேயே தங்கவிட்டால் ஒவ்வொரு 5 பிபிஎம்மும் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஆக்சிஜனைத் தின்னும். அதனால் நேரம் முடிந்ததும் நீரை முழுதாக மாற்ற வேண்டும். சுவாசித்தால் நமக்கும் புற்றுநோய் அபாயம் உள்ள பொருள் இது. மூடிய கொட்டகைக்குள் திறக்க வேண்டாம்.

பிரசிகுவாண்டல் புழுக்களை நன்றாகக் கொல்லும், மீனை அதிகம் வருத்தாது. ஆனால் கசப்பு, தீவனத்தில் கலந்தால் மீன் வாயில் வாங்கித் துப்பும். நீரிலும் எளிதில் கரையாது, கொஞ்சம் எரிசாராயத்தில் குழைத்துத்தான் கலக்க வேண்டும். விலையைப் பார்த்தால் தாய்மீன் தொட்டிக்கும் புதிதாக வரும் மீனின் தனிமைத் தொட்டிக்கும் பொருந்தும், கூண்டுக்கு இல்லை. உயிர்வடிகட்டி (பாக்டீரியாவால் நீரைச் சுத்தம் செய்யும் அமைப்பு) உள்ள சுழற்சித் தொட்டியில் திரும்பத் திரும்பப் போட்டால் பாக்டீரியா அதைச் சிதைக்கப் பழகிவிடும், ஒவ்வொரு முறையும் வேகமாகக் காணாமல் போகும்.

இனி வெண்புள்ளி. இதுவரை சொன்ன நன்னீர்க் குளியல் இதற்குச் செல்லாது. கிரிப்டோகாரியான் தோலின்மேல் இல்லை, தோல் படலத்துக்கு அடியில் இருக்கிறது. நன்னீர் அதை எட்டாது. மீனில் மூன்று முதல் ஏழு நாள் தின்று வளர்ந்து, இருட்டு நேரத்தில் மீனை விட்டு இறங்கி, அடிமட்டத்தில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து இருநூறுவரை குஞ்சுகளாகி, விடிவதற்கு முந்தைய இருட்டில் வெளியே வந்து மீனைத் தேடும். மீன் அடியில் படுத்துத் தூங்கும் நேரமும் அதுவே. ஒன்று இருநூறாகும் கணக்கு என்பதால்தான் முதல் சுற்றில் நாலு புள்ளி, அடுத்த சுற்றில் நாற்பது, மூன்றாவதில் சாவு.

இந்தப் பழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்பும் முறைதான் தொட்டி மாற்றுதல். மீனைச் சுத்தமான உலர்ந்த தொட்டிக்கு மாற்றி, மூன்று நாள் கழித்து அடுத்த தொட்டி, இப்படி நாலு முறை. மூன்று நாளைக்குள் விழுந்த கூடுகள் பழைய தொட்டியிலேயே தங்கும். அவை பொரிந்து வரும்போது அங்கே மீன் இருக்காது. மருந்தே இல்லை. இரண்டு தொட்டி இருந்தால் போதும். காலியானதைக் கழுவி, முழுதும் காயவைத்து, திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் கைவலை, காற்றுக்கல், குழாய், வாளி எல்லாம் தொட்டிக்குத் தொட்டி வேறு. நனைந்த காற்றுக்கல் ஒன்றை மறதியாகப் புதுத் தொட்டியில் போட்டால் பன்னிரண்டு நாள் வேலை பாழாகும். மாற்றத்தைக் காலையில் வைத்துக்கொண்டால் முந்தைய இரவு இறங்கியவற்றையும் விட்டுவிட்டு வரலாம்.

தாங்கும் இனமென்றால் உப்பைக் குறைப்பதும் கைகொடுக்கும். 15 பிபிடி அல்லது அதற்குக் கீழே கூடுகள் பெரும்பாலும் உடைந்துபோகும். இரண்டு நாளில் இறக்கி, மூன்று வாரம் வைத்து, பிறகு ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து பிபிடி வீதம் ஏற்ற வேண்டும். 20 பிபிடியில் நிறுத்தினால் பயனில்லை. குறைந்த உப்புக்குப் பழகிய வகைகளும் உண்டு. ஒரு வாரத்தில் புள்ளி குறையவில்லை என்றால் தொட்டி மாற்றத்துக்குப் போய்விடுங்கள்.

கூண்டில் வெண்புள்ளி வந்தால் மருந்தைக் கொண்டு செய்யக்கூடியது கொஞ்சம்தான். கூடுகள் கீழே விழுந்து தரையில் பொரிவதால், ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத மூலையில் நிற்கும் கூண்டுதான் அதிகம் அடிபடும். ஆழமான, ஓட்டமுள்ள இடத்துக்குக் கூண்டை இழுத்துப் போக முடிந்தால் அதுவே சிகிச்சை. இழுக்க முடியாத இடத்தில் அடர்த்தியைக் குறைப்பது, வலையை மாற்றுவது, செத்ததை அன்றன்றே எடுப்பது.

அமைலோடினியம் இன்னும் மோசமான ஆள். புள்ளி எதுவும் தெரியாமலே மீன்குஞ்சுகள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். அடுத்த நாள் பாதி இருக்காது. சாய்ந்த வெளிச்சத்தில் தோலில் மங்கலான பொன் தூசி தெரியலாம். ஒரு கூடு 256 நீந்தும் குஞ்சுகள்வரை விடும், ஒரு சுற்று வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்துக்குள் முடியும். உப்பைக் குறைத்து இதை வெல்ல முடியாது. 3 பிபிடியிலிருந்து 45 பிபிடிவரை வாழும். நன்னீரில் முக்கினால் பல விழும், எல்லாமும் விழாது. ஃபார்மலினும் மீனிலிருந்து உதிர்க்கும், ஆனால் உதிர்ந்தவை நல்ல நீர் வந்ததும் திரும்பப் பிரியத் தொடங்கும். அதனால் முக்கி எடுத்த பிறகு மீன் வேறு தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு நம்பகமானது செம்பு, அதுவும் உணவுக்குப் போகாத தாய்மீன் தொட்டியில், விதிகள் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். கரைந்த செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், இரண்டு வாரம் தொடர்ந்து. மயில்துத்தத்தில் செம்பு கால் பங்குதான்: 1,000 லிட்டரில் 0.2 வர 0.8 கிராம் மயில்துத்தம். ஒரே நாளில் போடாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றி, தினம் இருமுறை அளந்து, குறைந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். பவளமணல், சிப்பி ஓடு கிடக்கும் தொட்டியில் செம்பை அவை உறிஞ்சிக்கொள்ளும். போட்டதற்கும் அளந்ததற்கும் சம்பந்தமே இருக்காது. 0.15-க்குக் கீழே இறங்கினால் நோய் திரும்பும், 0.25-ஐத் தாண்டினால் மீன் தீவனத்தை விடும். மீன்குஞ்சுகளுக்கு உணவாகும் நுண்ணுயிரான ரோட்டிஃபர், பாசி வளர்க்கும் தொட்டிப் பக்கம் அந்த நீர் போகவே கூடாது.

கடல்பேன் கண்ணுக்குத் தெரியும் பூச்சி என்பதால் ஏமாற்றாது. காலிகஸ் தோலில் ஓடும். கைவலையில் மீனைத் தூக்கும்போது பாதி உதிர்ந்துவிடும், அதனால் எண்ணும்போது வாளி நீரையும் சேர்த்து எண்ண வேண்டும். பெராக்சைடு பேனின் உடலுக்குள் குமிழிகளை உண்டாக்கி மயக்கி மிதக்கவிடும். மிதந்தது செத்ததென்று அர்த்தமில்லை. அரை மணியில் எழுந்து திரும்ப ஏறும், வடிகட்டி எடுத்துவிட வேண்டும். நூலால் மீனில் கட்டிக்கொண்டிருக்கும் இளம்பருவத்தைப் பெராக்சைடு அசைக்காது. இங்கேயும் இரண்டாவது குளியல் தவிர்க்க முடியாதது. தீவனத்தில் கொடுக்கும் எமாமெக்டின் பென்சோயேட்டை ஆண்டுக்கணக்கில் நம்பிய சால்மன் பண்ணைகளில் பேன்கள் அதற்குப் பழகிவிட்டன. நார்வேயில் ஒரு மீனுக்குச் சராசரி 0.5 முதிர்ந்த பெண் பேன் என்பதுதான் சட்ட வரம்பு, காட்டு சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்த வாரங்களில் 0.2. அந்த அளவு எண்ணிப் பார்க்கும் பழக்கம் வெப்பக் கடல் பண்ணைகளில் இன்னும் வரவில்லை.

செவுளுக்குள் கரப்பான் போல உட்காரும் ஐசோபாட்டை இடுக்கியால் எடுப்பதே வழி. பிடுங்கும்போது திருகாமல் பின்பக்கமாக இழுத்தால் செவுள் கிழியாது. களவாவில் துடுப்போரம் கொத்தாகத் தொங்கும் அட்டைக்கு ஒரு மணி நேர நன்னீர் போதாது, 200 பிபிஎம் ஃபார்மலின் ஒரு மணி நேரம் வேண்டும். அதன் முட்டைப்பைகள் தொட்டிச் சுவரிலும் குழாயிலும் ஒட்டியிருப்பதால் தேய்த்துக் காயவைப்பதும் அதே நாளில் நடக்க வேண்டும்.

மாலகைட் பச்சை என்னும் சாயம் விலை குறைவு, வேலையும் செய்யும் என்று இன்னமும் சிலர் கைமாற்றுகிறார்கள். உண்ணும் மீனுக்கு அது பல நாடுகளில் தடை. சதையில் நிறமற்ற வடிவமாக மாறி நீண்டநாள் தங்கி, ஒரே சோதனையில் முழுக் கொள்முதலையும் திருப்பி அனுப்பிவிடும். எந்த மருந்தானாலும் நம் நாட்டில் உணவு மீனுக்கு அனுமதி உண்டா, கடைசி வேளைக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதை வாங்குவதற்கு முன் மீன்நல மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளியல் முடிந்த மறுநாள் வழக்கமான தீவனத்தில் பாதி. மூன்றாம் நாள் முழுதும். உரசியதில் தோல் கிழிந்த மீனுக்கு விப்ரியோ பாக்டீரியா தொற்று வரும் வாரம் இதுதான், சிவந்த புண்ணைக் கண்டால் தனியே எடுக்க வேண்டும். இரண்டாவது குளியல் முடிந்த மூன்றாம் நாள் மறுபடி கறுப்பு வாளி, ஐந்து மீன், ஐந்து நிமிடம். பத்துக்குக் கீழே விழுந்தால் இரண்டு வாரத்துக்கு விடலாம். முன்பு விழுந்த அளவே மறுபடி விழுந்தால் நம் கூண்டைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, ஓட்டத்துக்கு மேல்பக்கம் நிற்கும் பக்கத்துக் கூண்டில் வாளியோடு போய் நிற்க வேண்டும். அங்கே குளியல் நடக்காதவரை இங்கே நடந்த குளியலுக்குக் கணக்கில்லை. அடுத்த சுற்றை எல்லாக் கூண்டுக்கும் ஒரே இரண்டு நாளில் முடிக்க ஆளும் தார்ப்பாயும் ஏற்பாடு செய்துகொண்டுதான் தேதி குறிக்க வேண்டும்.